நானோ களிமண் கலந்தும் கிளாஸ் ஃபைபர் பலகையின் இழுவலிமை ஏன் ஏறவில்லை?

சேலத்தில் மெக்கானிக்கல் இறுதியாண்டு படிக்கும் ஒரு தம்பி இரண்டு கேள்விகள் அனுப்பியிருந்தார். கல்லூரி புராஜெக்ட்டுக்காக எல்ஒய் 556 எபாக்ஸி ரெசின், அதை இறுகவைக்கும் எச்ஒய் 951 ஹார்டனர், வோவன் ரோவிங் எனப்படும் நெய்த கிளாஸ் துணி வைத்து கையாலேயே அடுக்கிப் பலகைகள் செய்திருக்கிறார்கள். ரெசினில் நானோ களிமண்ணை 1, 3, 5 சதவீதம் என்று எடைக்கணக்கில் கலந்திருக்கிறார்கள். இழுத்துப் பார்த்தால் 1 சதவீதத்தில் ஏறின மாதிரியும் இருக்கிறது, ஏறாத மாதிரியும் இருக்கிறது. 3-ல் மாற்றம் இல்லை. 5-ல் களிமண்ணே போடாத பலகையை விடக் கீழே இறங்கிவிட்டது. வளைத்து உடைக்கும் சோதனையில் மட்டும் 3 சதவீதப் பலகை நன்றாக வந்திருக்கிறது. "படித்த கட்டுரைகளில் எல்லாம் வலிமை கூடும் என்றுதான் இருக்கிறது, நாங்கள் எங்கே தப்பு செய்தோம் சார்?" என்பது முதல் கேள்வி. ஏற்காட்டில் பாக்சைட் எடுத்த குழிகளில் கிடைக்கும் களிமண்ணையே நானோ களிமண்ணாக மாற்றிக் கொள்ளலாமா என்பது இரண்டாவது.

தம்பி, முதலில் ஒரு ஆறுதல். உங்கள் இழுவலிமை முடிவுகளில் பெரிய தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. 1-லும் 3-லும் வந்தது எதிர்பார்க்க வேண்டிய முடிவுதான். 5 சதவீதத்தில் இறங்கியதற்கு மட்டும் கலக்கிய விதத்தில் காரணம் இருக்கும், அதற்கும் வருகிறேன். கிளாஸ் இழையையும் ரெசினையும் சேர்த்து எஃப்ஆர்பி தொட்டியும் குழாயும் செய்யும் பட்டறைகளில் நிறைய வருடம் ரெசினோடு மல்லுக்கட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன்: களிமண் போய்ச் சேருவது ரெசினுக்குள். அதனால் ரெசின் சுமை தாங்கும் இடத்தில்தான் அது வேலை காட்டும். இழை சுமை தாங்கும் இடத்தில் அதற்கு வேலையே இல்லை.

ஒரு சின்னக் கணக்கு போட்டால் இது புரிந்துவிடும். ஈ-கிளாஸ் இழையின் மாடுலஸ், அதாவது விறைப்பின் அளவு, ஏறத்தாழ 72 ஜிகாபாஸ்கல். கெட்டியான எபாக்ஸிக்கு 3 ஜிகாபாஸ்கல். கன அளவில் பாதி இழை, பாதி ரெசின், இழை எல்லாம் ஒரே திசையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இழையின் திசையில் இழுத்தால் 36-ம் 1.5-ம் சேர்ந்து 37.5 வரும். இப்போது களிமண் மிகச் சிறப்பாக வேலை செய்து ரெசினின் மாடுலஸை 20 சதவீதம் ஏற்றிவிட்டது, 3 என்பது 3.6 ஆகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். 36-ம் 1.8-ம் 37.8. ஒரு சதவீதம்கூடக் கூடவில்லை. உங்கள் ஐந்து மாதிரித் துண்டுகளுக்குள் இருக்கும் ஏற்ற இறக்கமே அதைவிட அதிகமாக இருக்கும். ரெசின் அவ்வளவு தேறியும் இழுவைச் சோதனை அதைக் கண்டுகொள்ளாது.

அதே பலகையை இழைக்குக் குறுக்காக இழுங்கள். அங்கே கணக்கு தலைகீழாகப் போடவேண்டும்: 0.5-ஐ 72-ஆல் வகுத்து, 0.5-ஐ 3-ஆல் வகுத்து, இரண்டையும் கூட்டித் தலைகீழாக்கினால் ஏறத்தாழ 5.8. ரெசின் 3.6 ஆனால் அதுவே 6.9 ஆகிவிடும். ஏறக்குறைய 19 சதவீத உயர்வு. பலகை அதே, களிமண் அதே, இழுக்கும் திசை மட்டும்தான் மாறியது. உங்கள் வோவன் துணியில் பாதி இழை ஒரு பக்கமும் பாதி மறுபக்கமும் ஓடுவதால் எந்தப் பக்கம் இழுத்தாலும் பாதி இழை நேராக நின்று சுமையை வாங்கிக்கொள்கிறது. அதனால் களிமண்ணின் பங்கு வெளியே தெரியாமல் மறைந்துவிடுகிறது.

வளைவுச் சோதனையில் ஏன் தெரிந்தது? பலகையை வளைக்கும்போது மேல்பக்கம் அமுங்குகிறது, கீழ்பக்கம் இழுபடுகிறது. அமுங்கும் இழை மெல்லிய குச்சி மாதிரி, பக்கவாட்டில் நெளிந்து விலகப் பார்க்கும். நெளியவிடாமல் பிடித்து நிறுத்துவது சுற்றியிருக்கும் ரெசினின் விறைப்பு. அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவே வரும் ஷியர் விசையும், அதாவது அடுக்குகளைச் சறுக்கவைக்கும் விசையும், ரெசின் தலையில்தான் விழுகிறது. ஆக வளைத்தல், அமுக்குதல், அடுக்குகளுக்கு இடையே சறுக்குதல் ஆகிய இடங்களில் களிமண்ணுக்குப் பேச வாய்ப்பு கிடைக்கிறது. உங்கள் 3 சதவீதப் பலகை அதைத்தான் சொல்லியிருக்கிறது.

இனி களிமண்ணுக்கு வருவோம். கடையில் பொடியாக வாங்குவதை நானோ என்று சொல்கிறோமே தவிர, அந்தப் பொடியின் ஒரு துகள் பல மைக்ரான் பருமன் உள்ளது. நானோ அளவு அதன் உள்ளே இருக்கிறது. இதன் தாது மான்ட்மோரில்லோனைட். பிரான்சில் உள்ள மான்ட்மோரில்லோன் என்ற ஊரின் பெயரால் வந்த பெயர். நம் நாட்டில் குஜராத்தின் கச்சிலும் ராஜஸ்தானின் பார்மரிலும் தோண்டி எடுக்கும் பென்டோனைட்டில் இதுதான் முக்கியத் தாது. இதே குடும்பத்துத் தாது நம் கரிசல் மண்ணிலும் உண்டு. கோடையில் கரிசல் காடு பாளம் பாளமாக வெடித்துக் கிடப்பதும், மழை பெய்ததும் உப்பி வெடிப்பை மூடிக்கொள்வதும், அங்கே கட்டிய வீட்டின் சுவர் விரிசல் விடுவதும் இதனால்தான். ஏடு ஏடாக அடுக்கிய அமைப்பு. ஏடுகளுக்கு நடுவே தண்ணீர் புகுந்தால் விரியும், காய்ந்தால் சுருங்கும்.

ஒவ்வொரு ஏடும் ஏறத்தாழ 1 நானோமீட்டர் தடிமன். அகலமோ நூற்றுக்கணக்கான நானோமீட்டர். வெற்றிலைக் கவுளியை நினைத்துக்கொள்ளுங்கள். கவுளியாகக் கட்டி வைத்திருந்தால் அது ஒரு கட்டை. ஒவ்வொரு வெற்றிலையாகப் பிரித்துப் பரப்பினால் ஒரு திண்ணையையே மூடிவிடும். மான்ட்மோரில்லோனைட்டை முழுவதும் பிரித்துவிட்டால் ஒரு கிராமில் சுமார் 750 சதுர மீட்டர் பரப்பு கிடைக்கும் என்பது கணக்கு. நூறு கிராம் ரெசினில் இரண்டு கிராம் தாது என்றால் 1,500 சதுர மீட்டர், நம்மூர் அளவில் 37 சென்ட் நிலம். ஒரு டம்ளர் ரெசினுக்குள் அவ்வளவு பரப்பில் ரெசினும் தாதுவும் தொட்டுக்கொண்டு நிற்கின்றன. சுண்ணாம்புத் தூளையோ டால்க்கையோ இருபது முப்பது சதவீதம் கொட்டிப் பெறும் விறைப்பை, மூன்று நான்கு சதவீதக் களிமண்ணில் பெறலாம் என்று ஆசைப்படுவதற்கு இந்தப் பரப்புதான் அடிப்படை.

ஆனால் வெட்டி எடுத்த களிமண்ணுக்குத் தண்ணீர்தான் பிடிக்கும், ரெசின் பிடிக்காது. ஏடுகளுக்கு நடுவே உள்ள சோடியம் அயனிகளை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் நீளமான கார்பன் வால் உள்ள அம்மோனியம் உப்பை ஏற்றுகிறார்கள். அப்போது ஏடுகளின் இடைவெளி விரிகிறது, உள்ளே ரெசின் நுழையவும் மனம் வைக்கிறது. நீங்கள் வாங்கியது பெரும்பாலும் இப்படி மாற்றிய களிமண்ணாகத்தான் இருக்கும். டப்பாவில் உள்ள விவரத்தாளைப் பாருங்கள். எரித்தால் இழக்கும் எடை என்று போட்டிருப்பார்கள். சில ரகங்களில் 30 சதவீதம் வரை இருக்கும். அப்படியானால் நீங்கள் 3 கிராம் போட்டபோது உண்மையான தாது 2 கிராம்தான் போயிருக்கிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். ரெசினில் 3 சதவீதம் என்பது, எடையில் பாதி கிளாஸ் உள்ள பலகையில் 1.5 சதவீதம்தான். சில கட்டுரைகள் ரெசினை வைத்துச் சொல்கின்றன, சில மொத்தப் பலகையை வைத்து. இது தெரியாமல் இரண்டு கட்டுரைகளின் எண்களை ஒரே அட்டவணையில் போடாதீர்கள்.

அந்தப் பெரிய பெரிய உயர்வுகள் எங்கிருந்து வந்தன என்று கேட்பீர்கள். 1980-களின் பிற்பகுதியில் டொயோட்டாவின் ஆய்வுக்கூடத்தில் நைலான்-6-ல் இந்தக் களிமண்ணை ஐந்து சதவீதத்துக்கும் குறைவாகச் சேர்த்தார்கள். களிமண் ஏடுகளுக்கு உள்ளேயே நைலானை வளர்த்ததால் ஏடுகள் தனித்தனியாகப் பிரிந்துவிட்டன. சுமை வைத்தால் வெப்பத்தில் வளையத் தொடங்கும் புள்ளி 65 டிகிரியில் இருந்து 150 டிகிரி அளவுக்கு ஏறியது. காரின் டைமிங் பெல்ட் மூடிக்கு அதைப் பயன்படுத்தினார்கள். இந்தத் துறையே அங்கிருந்துதான் சூடுபிடித்தது. 1994-ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பின்னவாயாவின் குழு, ரப்பர் மாதிரி மென்மையான எபாக்ஸியில் 15 சதவீதக் களிமண் சேர்த்து வலிமையும் விறைப்பும் பத்து மடங்குக்கு மேல் கூடியதைக் காட்டியது. இரண்டும் உண்மையான, அருமையான வேலைகள். ஆனால் இரண்டிலும் இழை கிடையாது, ரெசினும் மென்மையான ரகம். மென்மையான பொருளில் விறைப்பான ஏட்டைப் புகுத்தினால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். அறை வெப்பத்தில் கல் மாதிரி இருக்கும் உங்கள் எபாக்ஸியில், அதுவும் 72 ஜிகாபாஸ்கல் கிளாஸ் பக்கத்தில் நிற்கும்போது, அதே மடங்கை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

சரி, 5 சதவீதத்தில் ஏன் இறங்கியது? கேப்பைக் கூழ் காய்ச்சுபவர்கள் மாவை நேராகக் கொதிக்கும் தண்ணீரில் கொட்டுவதில்லை. பச்சைத் தண்ணீரில் கரைத்து, கட்டி இல்லாமல் பார்த்து, அப்புறம்தான் ஊற்றிக் கிளறுகிறார்கள். கட்டி விழுந்துவிட்டால் வெளியே வெந்து உள்ளே மாவாகவே இருக்கும். களிமண் கட்டியும் அப்படித்தான். வெளிப்புறத்தை ரெசின் நனைத்துவிடும், உள்ளே உலர்ந்த பொடி அப்படியே கிடக்கும். சுமை வரும்போது அந்தக் கட்டியில்தான் முதல் விரிசல் தொடங்கும். 1 சதவீதத்தில் கட்டிகள் குறைவு, 5 சதவீதத்தில் அங்கங்கே கட்டி. விறைப்பு ஏறிக்கொண்டே போகும்போது வலிமை ஒரு கட்டத்தில் திரும்பிக் கீழே இறங்குவது இதனால்தான். பல ஆய்வுகளில் 1 முதல் 3 சதவீதத்துக்குள் உச்சம் வருவதைப் பார்த்து, அதை ஏதோ இயற்கை விதி போல எழுதிவிடுகிறார்கள். என் கணிப்பில் அது களிமண்ணின் எல்லையைவிட அதிகமாகக் கலக்கும் முறையின் எல்லை. நன்றாகக் கலக்கத் தெரிந்தவருக்கு அந்த உச்சம் வலப்பக்கம் நகரும்.

நீங்கள் கலக்குவதற்குப் பயன்படுத்தியது கண்ணாடிக் கலன் கழுவும் அல்ட்ராசானிக் தொட்டி என்று எழுதியிருக்கிறீர்கள். அதன் சக்தி ரெசினுக்குள் மிகக் குறைவாகத்தான் இறங்கும். குச்சி மாதிரி நேராக ரெசினுக்குள் விடும் புரோப் வகை வேண்டும், அதையும் விட்டு விட்டு ஓட்டவேண்டும், சுற்றிலும் ஐஸ் வைக்கவேண்டும்; இல்லாவிட்டால் ரெசின் சூடேறிக் கெடும். இன்னும் நல்லது பெயின்ட் ஆலைகளில் இருக்கும் மூன்று உருளை மில். அதிலே உருளைகளுக்கு நடுவே நசுங்கிப் போகும்போது ஏடுகள் வழுக்கிப் பிரிகின்றன. எது செய்தாலும் களிமண்ணை முதலில் 80 டிகிரியில் சில மணி நேரம் உலர்த்துங்கள். எல்ஒய் 556 அறை வெப்பத்தில் தேன் மாதிரி கெட்டி, 60, 70 டிகிரிக்குச் சூடாக்கினால் இளகும், அப்போது கலக்குங்கள். கலக்கி முடித்து, நன்றாக ஆறிய பிறகுதான் ஹார்டனர். சேலத்து ஏப்ரல் வெயிலில் ஆறாத ரெசினில் எச்ஒய் 951 ஊற்றினால் பிரஷ்ஷை எடுப்பதற்குள் டம்ளரில் கெட்டியாகிவிடும்.

ஹார்டனர் அளவிலும் ஒரு கண்ணி இருக்கிறது. 10-க்கு 1 என்பது ரெசினின் எடைக்கு. களிமண் கலந்த 100 கிராமில் 5 கிராம் களிமண் என்றால் ரெசின் 95-தான், ஹார்டனர் 9.5 கிராம். மொத்த எடைக்கு ஊற்றியிருந்தால் 5 சதவீதப் பலகைக்கு மட்டும் ஹார்டனர் கூடிவிட்டது. போதாக்குறைக்குக் களிமண்ணில் உள்ள அம்மோனியம் உப்பும் ரெசின் இறுகும் வேகத்தைக் கொஞ்சம் மாற்றும். இந்த இரண்டும் சேர்ந்தால் நீங்கள் ஒப்பிடுவது வெவ்வேறு ரெசின்களை என்று ஆகிவிடும். எல்லாப் பலகைகளையும் ஒரே மாதிரி அடுப்பில் வைத்துப் பின்-சூடாக்கம் செய்திருந்தால் இந்தக் குழப்பம் பாதி குறையும்.

அடுத்தது காற்று. களிமண் கலந்த ரெசின் நின்றால் கெட்டி, தேய்த்தால் இளகும். சுவர் மாதிரி நிற்கும் மோல்டில் ரெசின் வழியாமல் இருக்க நாங்கள் ஏரோசில் என்ற நுண்ணிய சிலிகாப் பொடி போடுவது இதே குணத்துக்காகத்தான். ஒரு முறை ஏரோசிலுக்குப் பதிலாக இப்படிப்பட்ட களிமண்ணைப் பாலியஸ்டர் ரெசினில் கலந்து ஒரு தொட்டியின் சுவரை அடித்தோம். வழியவே இல்லை, எல்லோருக்கும் மகிழ்ச்சி. மறுநாள் மோல்டைக் கழற்றினால் கிளாஸ் இழைப் பாய்க்குள் ஊசிமுனைக் குமிழிகள் நிறைந்து கிடந்தன. ரோலர் போட்டபோது ரெசின் இளகியது. ரோலரை எடுத்ததும் கெட்டியானது. காற்று மேலே ஏறி வெளியேறப் பொழுதே கிடைக்கவில்லை. அந்தச் சுவரைத் தேய்த்து எடுத்துத் திரும்ப அடிக்க வேண்டியதாயிற்று. ஒரு சதவீதம் வெற்றிடம் சேர்ந்தால் அடுக்குகளுக்கு இடையிலான ஷியர் வலிமை ஏறக்குறைய 7 சதவீதம் குறையும் என்பது இந்தத் துறையில் புழங்கும் கணக்கு. களிமண் கொடுத்ததைக் குமிழி பறித்துக்கொள்ளும். ஹார்டனர் ஊற்றுவதற்கு முன் கலவையை வாக்குவம் டெசிகேட்டரில் வைத்துக் காற்றை எடுத்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. எடுக்கவில்லை என்றால் உங்கள் 5 சதவீதப் பலகையின் வெட்டுமுகத்தைப் பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள், விடை அங்கேயே இருக்கலாம்.

வாக்குவம் போட்டு ரெசினைத் துணிக்குள் இழுக்கும் முறைக்குப் போகலாமா என்று யோசித்தால், அங்கே வேறொரு தொல்லை. நெருக்கமான கிளாஸ் துணி வடிகட்டி மாதிரி வேலை செய்யும். ரெசின் நுழையும் ஓரத்தில் களிமண் தேங்கி, மறுமுனைக்கு வெறும் ரெசின் போய்ச் சேரும். ஒரே பலகையின் இரண்டு முனையில் இரண்டு சதவீதம். கலப்பு நன்றாக இல்லாவிட்டால் இது இன்னும் மோசம்.

இப்போது எல்லாவற்றிலும் முக்கியமாக நான் நினைப்பது. களிமண் கூடக் கூட ரெசின் கெட்டிப்படும், அமுக்கும்போது உபரி ரெசின் வெளியே வராது. அதனால் 5 சதவீதப் பலகை களிமண் இல்லாத பலகையைவிடத் தடிமனாக இருக்கும். துணியின் எண்ணிக்கை அதே. அதாவது பலகையில் கிளாஸின் பங்கு குறைந்துவிட்டது. உடையும் சுமை அதேயாக இருந்தாலும், தடிமன் கூடியதால் வகுத்துக் கிடைக்கும் வலிமை குறைந்துதான் வரும். இதில் களிமண்மேல் பழி போடுவது சரியில்லை. நான்கு பலகைகளின் தடிமனையும் அளந்து பக்கத்தில் எழுதிப் பாருங்கள். கிளாஸின் பங்கைச் சரியாகக் கண்டுபிடிக்க ஒரு துண்டை எடை போட்டு, மஃபிள் ஃபர்னஸில் 565 டிகிரியில் ரெசினை எரித்துவிட்டு மீதியை எடை போடுவார்கள். களிமண்ணில் உள்ள தாது எரியாது, அது கிளாஸோடு சேர்ந்து எடையில் நிற்கும். அதைக் கழிக்க மறந்துவிடாதீர்கள். உடைந்த சுமையைக் கிளாஸின் பங்குக்கு ஈடுகட்டிப் போட்டுப் பார்த்தால், உங்கள் 5 சதவீத இறக்கத்தில் ஒரு பகுதி கரைந்துவிடும் என்று நினைக்கிறேன்.

களிமண் உண்மையிலேயே பெரிதாகக் கைகொடுக்கும் இடம் தண்ணீர். அடிவாரத்தில் இருந்து ஏற்காட்டுக்கு நேராகக் கோடு போட்டால் கொஞ்ச தூரம்தான், ஆனால் பஸ் இருபது கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றித்தான் மேலே போகவேண்டும். ரெசினுக்குள் நுழையும் தண்ணீர் மூலக்கூறுக்கும் அதே பாடு. ஏடுகளைத் துளைத்துப் போக முடியாது, ஒவ்வொன்றையும் சுற்றிப் போகவேண்டும். நீல்சன் என்பவரின் எளிய சூத்திரம் இதைக் கணக்காகவே சொல்கிறது. கன அளவில் 1 சதவீதத் தாது, ஏட்டின் அகலம் தடிமனைப்போல 100 மடங்கு என்றால், ஊடுருவல் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. அதே 1 சதவீதம், ஆனால் ஏடுகள் பிரியாமல் கட்டையாகக் கிடந்து அகலம் தடிமனில் 10 மடங்குதான் என்றால் குறைவது 6 சதவீதம். நீங்கள் போட்ட 3 சதவீதக் களிமண்ணில் தாது கன அளவில் ஏறத்தாழ அந்த 1 சதவீதம்தான். கலக்குவதில் பாடுபடுவதற்குக் கிடைக்கும் கூலி எவ்வளவு என்று இதைவிடத் தெளிவாக எந்த எண்ணும் சொல்லாது.

ஒரு எச்சரிக்கை: தண்ணீர் நுழையும் வேகம் குறையும் என்பதால் கடைசியில் ஊறி நிற்கும் அளவும் குறைந்தே ஆகவேண்டும் என்பதில்லை. களிமண்ணுக்கே தண்ணீர்மேல் ஆசை உண்டு. இரண்டையும் தனித்தனியாக அளக்கவேண்டும். கத்தாழை நார், வாழை நார் வைத்துச் செய்யும் பலகைகளுக்கு இந்தத் தடுப்பு இன்னும் பயன்படும். அந்த நார் தண்ணீரைக் குடித்து உப்பி, ரெசினை விட்டுப் பிரிவதுதான் அவற்றின் பெரிய பலவீனம்.

அமிலத் தொட்டிக்கு இது நல்லதா என்று மேட்டூர்ப் பக்கத்து ஆலை ஒன்றில் வேலை பார்க்கும் நண்பர் என்னைக் கேட்டதுண்டு. நான் அவசரப்படவேண்டாம் என்றுதான் சொன்னேன். சூடான வலுவான அமிலம் மான்ட்மோரில்லோனைட்டில் இருந்து அலுமினியத்தையும் மக்னீசியத்தையும் கரைத்து எடுத்துவிடும். எண்ணெய் வெளுக்கும் மண்ணை அப்படித்தான் தயாரிக்கிறார்கள். சாதாரண ஈரத்துக்கு ஒரு நியாயம், சூடான அமிலத்துக்கு வேறு நியாயம்.

வெப்பத்தைப் பற்றி: நெருப்பில் எரியும்போது களிமண் மேற்பரப்பில் கரியோடு சேர்ந்து ஓர் ஓடு மாதிரி படிந்து, வெப்பம் வெளியாகும் உச்ச வேகத்தைக் குறைக்கும். ஆனால் மொத்த வெப்பம் அதேதான், தீப்பிடிக்கும் நேரமும் தள்ளிப்போகும் என்று நம்பமுடியாது. ஆகவே அதை மட்டும் வைத்துத் 'தீப்பிடிக்காத பலகை' என்று அறிக்கையில் எழுதிவிடாதீர்கள். டிஜி வெப்பநிலை, அதாவது கெட்டி ரெசின் ரப்பராக மாறும் புள்ளி, சிலருக்கு ஏறும், சிலருக்கு இறங்கும். அம்மோனியம் உப்பின் வால் ரெசினை இளக்குவதும், ஏடு ரெசினைக் கட்டிப்போடுவதும் ஒன்றுக்கொன்று எதிராக இழுப்பதால் அப்படி. மோதல் வலிமையிலும் இதே இழுபறி உண்டு. விரிசல் ஏட்டில் முட்டி வளைந்து போனால் ஆற்றல் கூடுதலாகச் செலவாகும். ரெசின் ரொம்ப விறைத்துப் போனாலோ எளிதில் நொறுங்கும்.

ஏடுகள் பிரிந்தனவா என்று எப்படித் தெரிந்துகொள்வது? எக்ஸ்ஆர்டி, அதாவது எக்ஸ்ரே சிதறலை வைத்து ஏடுகளின் இடைவெளியை அளக்கும் சோதனை, எடுங்கள். வழக்கமான செம்பு எக்ஸ்ரே குழாயில், மாற்றாத களிமண்ணின் உச்சி 7 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே வந்தால் ஏடுகளின் இடைவெளி 1.2 நானோமீட்டர். அம்மோனியம் ஏற்றிய களிமண்ணில் 4.8 டிகிரி என்றால் 1.8 நானோமீட்டர். ரெசினில் கலந்தபின் 2.5 டிகிரிக்கு நகர்ந்தால் 3.5 நானோமீட்டர், அதாவது ரெசின் உள்ளே நுழைந்துவிட்டது. உச்சியே காணோம் என்றால் முழுவதும் பிரிந்துவிட்டது என்று பலர் எழுதிவிடுகிறார்கள். அளவு குறைவாக இருந்தாலும் உச்சி தெரியாது, ஒழுங்கு குலைந்திருந்தாலும் தெரியாது. டிஇஎம் என்ற எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படம் ஒன்றாவது இல்லாமல் அந்த வாக்கியத்தை எழுதவேண்டாம். வெளியே கட்டணம் கட்டி ஒரே ஒரு படம் எடுத்தாலும் போதும்.

இனி ஏற்காட்டு மண். சேர்வராயன் மலையின் உச்சிகளில் இருக்கும் பாக்சைட், சார்னோகைட் பாறை காலகாலமாக மழையில் கரைந்து சிதைந்து உண்டானது. ஒரு காலத்தில் அது மேட்டூர் அலுமினிய ஆலைக்குப் போனது. அந்தப் படிவத்தோடு கிடைக்கும் வெள்ளைக் களிமண்ணில் முக்கியமானது கயோலின். கயோலினும் ஏடு ஏடாகத்தான் இருக்கிறது, ஆனால் ஏடுகள் ஹைட்ரஜன் பிணைப்பால் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இடைவெளி 0.7 நானோமீட்டர்தான், நடுவே மாற்றிக்கொள்ள அயனிகளும் இல்லை. தண்ணீரில் போட்டால் உப்பாது. அயனி மாற்றும் திறன் 100 கிராமுக்கு மான்ட்மோரில்லோனைட்டில் 80 முதல் 120 மில்லி ஈக்விவலன்ட், கயோலினில் 3 முதல் 15. ஆகவே நீங்கள் நினைக்கிற வழியில் அம்மோனியம் உப்பை ஏற்றிப் பிரிப்பது நடக்காது. நைசாக அரைத்துச் சாதாரண நிரப்பியாகப் போடலாம், அது வேறு கதை. சூரமங்கலம் பக்கத்து வெள்ளைக்கல் குவாரி மண்ணையும் யாராவது சொல்வார்கள். வெள்ளைக்கல் என்பது மக்னசைட், மக்னீசியம் கார்பனேட். அதில் ஏடே கிடையாது.

உள்ளூர் மண்ணில்தான் செய்யவேண்டும் என்ற உங்கள் ஆசை எனக்குப் பிடித்திருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள். கரிசல் மண் எடுத்துவந்து, தண்ணீரில் கரைத்து, ஒரு நாள் தெளியவிட்டு, மேலே மிதக்கும் நுண்ணிய பகுதியை மட்டும் பிரித்து உலர்த்துங்கள். ஜவ்வரிசி ஆலையில் கிழங்குப் பாலைத் தெளியவைக்கிறார்களே, அதே வேலைதான். அங்கே அடியில் படிவது வேண்டும், இங்கே மேலே மிதப்பது வேண்டும். அதை எக்ஸ்ஆர்டியில் பார்த்தால் எவ்வளவு ஸ்மெக்டைட், அதாவது மான்ட்மோரில்லோனைட் குடும்பத்துத் தாது, இருக்கிறது என்று ஒரு யோசனை கிடைக்கும். இரும்பும் குவார்ட்சும் மட்கும் கலந்திருக்கும், கடையில் வாங்குவது போல் சுத்தமாக வராது. ஆனால் அடுத்த ஜூனியர் குழுவுக்கு இது ஒரு நல்ல புராஜெக்ட்.

உங்களுக்கு மிச்சம் இருக்கும் வாரங்களில் புதுப் பலகைகள் நிறையச் செய்ய நேரம் இருக்காது. இருக்கும் பலகைகளின் மிச்சத் துண்டுகளில் இருந்து குட்டைத் துண்டுகள் வெட்டி ஏஎஸ்டிஎம் டி2344 முறையில் அடுக்குகளுக்கு இடையிலான ஷியர் வலிமையை எடுங்கள். ஒவ்வொரு சதவீதத்துக்கும் ஐந்து துண்டாவது வேண்டும், சராசரியோடு சிதறலையும் போடுங்கள். இன்னும் மூன்று மூன்று துண்டுகளை அடுப்பில் உலர்த்தி, ஓரங்களில் மெல்லிசாக எபாக்ஸி தடவி அடைத்து, எடை போட்டுத் தண்ணீரில் போட்டுவிடுங்கள். ஓரத்தை அடைக்காவிட்டால் வெட்டிய முகத்தில் இழை ஓரமாகத் தண்ணீர் ஏறி எல்லாம் ஒன்று போலத் தெரியும். முதல் நாள் 2, 4, 8 மணி நேரம் கழித்து ஒவ்வொரு முறை, அப்புறம் தினமும், துடைத்து நான்கு தசம தராசில் எடை. வரைபடத்தில் கிடை அச்சில் நேரத்தின் வர்க்கமூலத்தைப் போடுங்கள். தொடக்கத்தில் நேர்கோடாக ஏறும் பகுதியின் சாய்வை நான்கு பலகைக்கும் ஒப்பிட்டால் களிமண் வழியை மறித்ததா என்பது தெரிந்துவிடும். தடிமன் வேறுபடுவதால், சாய்வை அந்தந்தப் பலகையின் தடிமனால் பெருக்கிவிட்டு ஒப்பிடுங்கள்.